மாட்டை எங்கே கட்டுவது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கும்பகோணத்துப் பெண். டாக்காவில் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் பேரிடர் அபாயக் குறைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடிக்கடி பங்களாதேஷின் தெற்கே கடலோரத்தில் இருக்கும் போலா தீவுக்குப் போய்வருவேன். புயல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கூட்டம் போட்டு, நாடகம் நடத்தி, துண்டறிக்கை கொடுத்துச் சொல்கிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எச்சரிக்கை வந்ததும் பலர் கடைசி நிமிஷம் வரை வீட்டைவிட்டு நகர்வதில்லை. இத்தனை சாவைப் பார்த்த மக்களுக்கு ஏன் இன்னும் விழிப்புணர்வு வரவில்லை? பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழைகளுக்குப் பாடம் எடுப்பதும் உறுத்துகிறது. பேரிடர் இழப்பைக் குறைக்க உலக நாடுகள் போட்ட செண்டாய் சட்டகத்தால் ஏதாவது பயன் உண்டா? பேசாமல் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சம்பள உறுத்தலை முதலில் ஓரமாக வையுங்கள். கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வருத்தப்படுவதால் போலாவில் ஒரு கூரையும் கூடுதலாக நிற்கப்போவதில்லை. செண்டாய் சட்டகம் 2015 மார்ச்சில் நாடுகள் ஒப்புக்கொண்டது. ஏழு இலக்குகள், 2030 வரை கெடு. படித்தால் தூக்கம் வரும் என்பதைத் தவிர அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆராய்ச்சிக்குப் போவது பற்றி உங்கள் அம்மாவிடம் பேசுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். "ஏன் இன்னும் விழிப்புணர்வு வரவில்லை?" போன மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வந்த ஓர் அதிகாரியும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது நீங்களும் சொல்கிறீர்கள். நல்ல பெண், படித்த பெண், டெல்டாவில் பிறந்த பெண். கோபம் வராதா எனக்கு?

நீங்கள் போய்வரும் தீவின் பெயரைத்தான் 1970 நவம்பர் 12 இரவு அடித்த புயலுக்கு வைத்திருக்கிறார்கள். செத்தவர்கள் 3 லட்சம் என்பார்கள், 5 லட்சம் என்பார்கள். அதற்குப் பிறகு எடுத்த கணக்கில் ஒன்று தெரிந்தது. அந்தப் பகுதியில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் புயல் வருவது முன்பே தெரியும். உறுதியான கட்டடத்தில் போய் ஒதுங்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். தெரியாமல் சாகவில்லை அம்மா அவர்கள். தெரிந்தும் போவதற்கு இடமில்லை, இடம் இருந்தாலும் போகிற நிலையில் இல்லை. அந்தத் தீவில் நின்றுகொண்டு அவர்களுக்குப் புயல் என்றால் என்னவென்று நாடகம் போட்டுக் காட்டுகிறீர்கள்!

என் பெரியம்மா வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருந்தாள். 1977 நாகப்பட்டினம் புயலை நேரில் பார்த்தவள். காற்று எந்தத் திசையில் திரும்பினால் கண் கடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா வருகிறது என்று ஆட்டோவில் மைக் கட்டி நாள் முழுக்கக் கத்திக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம், சாப்பாடு, எல்லாம் தயார். பெரியம்மா அசையவில்லை. கொட்டகையில் சினைப்பசு நிற்கிறது, நாள் நெருங்கிவிட்டது. "இத விட்டுட்டு நான் எங்கடா வர்றது?" அவ்வளவுதான் பதில். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் போனில் சண்டை போட்டார்கள். கிராம அலுவலர் வந்து "உயிர் முக்கியமா மாடு முக்கியமா பாட்டி" என்று கேட்டார். பதில் சொல்லாமல் தவிட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாளாம்.

கிழவியை ஏன் பிடிவாதக்காரி என்கிறோம்? அவள் கணக்கைப் பாருங்கள். விதவை உதவித்தொகை, கொல்லையில் நாலு தென்னை, அந்தப் பசு. பசு போனால் அடுத்த பசுவுக்குக் கடன். நிவாரணம் கொடுக்கிறார்களே என்பீர்கள். செத்த மாட்டுக்கு நிவாரணம் கேட்டால் கால்நடை மருத்துவர் சான்று கேட்பார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு போன மாட்டுக்கு எந்த மருத்துவர் சான்று எழுதுவார்? புயல் வராமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஆளில்லாத கொட்டகையில் பசு தனியாகக் கன்று போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அன்று இருட்டுகிற நேரத்தில் பால் சொசைட்டியில் அளக்கிற பெண் ஒருத்தி வந்தாள். புயல் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பெரியம்மா, பள்ளிக்கூடச் சமையல்கட்டுக்குப் பின்னால சுவர் மறைவு இருக்கு. மாட்ட அங்க கொண்டாந்து விடுங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்." பெரியம்மா உடனே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். விடிந்தபோது வீட்டில் கூரை இல்லை, தென்னை ஒன்றும் நிற்கவில்லை. மாடும் கிழவியும் இருந்தார்கள்.

உங்கள் பங்களாதேஷில் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். 1970க்குப் பிறகு கடலோரத்தில் மண்ணை உயர்த்தி மேடுகள் எழுப்பினார்கள், முஜிப் கில்லா என்று பெயர். மனிதர்களோடு ஆடுமாடும் ஏறிக்கொள்ளலாம். பின்னால் கட்டிய தங்குமிடங்கள் பலவற்றில் கால்நடை ஏறுவதற்கென்றே சரிவுப் பாதை வைத்தார்கள். மற்ற நாளில் அதுவே ஆரம்பப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தினமும் போகிற கட்டடம் என்பதால் இருட்டில் வழி தேட வேண்டாம். இதையெல்லாம் செய்தவர் யாரோ, அவர் மாடு வைத்திருப்பவனோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பெண்களுக்கும் இதே கதைதான். அங்கே 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர் செத்தார்கள். 20 முதல் 44 வயதுக்குள் இருந்த பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் போனார்கள், அதே வயது ஆண்களில் 15 பேர். புருஷன் வந்து கூப்பிடாமல் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை, காலைச் சுற்றுகிற புடவை. தங்குமிடத்துக்கு ஓடினாலும் அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் இருக்க வேண்டும், தனிக் கழிப்பறை கிடையாது. இந்தப் பெண்களுக்கு எந்தத் துண்டறிக்கையை நீட்டுவீர்கள்?

அங்கே சாவு எப்படிக் குறைந்தது என்று உங்களுக்கே தெரியும். செம்பிறைச் சங்கமும் (நம் ஊர் செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி) அரசும் சேர்ந்து நடத்துகிற புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று சுமார் 76,000 தொண்டர்கள், அதில் பாதி பெண்கள். ஆபத்து ஏற ஏற ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுகிறார்கள். கையால் சுற்றுகிற சைரனும் மெகாபோனும் வைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. பெண் தொண்டர் அடுப்படி வரைக்கும் போய்க் கூப்பிடலாம், ஆண் வாசலோடு சரி. 2007இல் சிதர் புயல் வந்தபோது செத்தவர்கள் சுமார் 3,400. 2020இல் ஆம்பன் வந்தபோது, கொரோனாவுக்கு நடுவிலேயே, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தங்குமிடங்களுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். செயற்கைக்கோளும் நல்ல சாலையும் இதில் உதவின, அதை மறுக்கவில்லை. ஆனாலும் கதவைத் தட்டியது தெரிந்த குரல்.

அந்தத் தொண்டர்களில் ஒருவரோடு தேநீர் குடித்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் "மக்கள்" என்று வருகிறது, ஒரு ஆளும் வரவில்லை. உங்கள் கோபம் பொய் என்று சொல்லவில்லை. அவர்கள் செத்துப்போகக் கூடாது என்று உங்களுக்குத் தவிப்பு இருக்கிறது, எழுத்தில் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

அடுத்த முறை போலா போகும்போது பேனர் கொண்டுபோகாதீர்கள். கூட்டம் வேண்டாம். எந்தெந்த வீட்டில் ஆடுமாடு இருக்கிறது, தங்குமிடத்துக்குப் போகிற பாதை மழையில் எங்கே உடைகிறது, படுத்த படுக்கையாக இருப்பவரை யார் தூக்குவது, ஆளில்லாத நேரத்தில் எந்த வீட்டில் திருட்டுப் போனது, தங்குமிடக் கழிப்பறைச் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதை எனக்கு எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும் பிரசுரிக்கிறேன். நிறுவனத்தின் ஆண்டறிக்கையை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா