ஓர்வியெத்தோ: மூட்டுவலி உள்ள அம்மாவோடு ஏற முடியுமா?

ரோமிலிருந்து அம்மாவோடு ஓர்வியெத்தோ போக நினைக்கிறீர்கள்; குன்றின் மேல் இருக்கும் இந்த இத்தாலிய ஊருக்கு மேப் "செங்குத்தான ஏற்றம்" காட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். ஏறவே வேண்டாம். ஓர்வியெத்தோ ரயில் நிலைய வாசலுக்கு நேரெதிரே கயிற்று ரயில் இருக்கிறது. சில நிமிடங்களில் மேலே பியாத்சா காயென் என்ற சதுக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊரின் பெரிய தேவாலய வாசலுக்குச் சிற்றுந்து உண்டு. அதே டிக்கெட் போதும்.

மேப்பில் அப்படி வந்ததற்குக் காரணம், பெரும்பாலும் நடைவழி தேர்வாகியிருப்பதுதான். பொதுப் போக்குவரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

ரோமிலிருந்து கிளம்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரெஜியொனாலே எனும் வட்டார ரயில்கள், ரோமின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினியில் பல சமயம் "1 எஸ்ட்", "2 எஸ்ட்" நடைமேடையிலிருந்து புறப்படும். அவை தள்ளி இருக்கின்றன. அம்மாவின் நடைக்குக் கூடுதலாக 15 நிமிடம் வையுங்கள். காகித டிக்கெட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம்.

ஓர்வியெத்தோவில் பார்க்க வேண்டியவற்றில், புனித பாட்ரிக் கிணறு என்ற பழைய ஆழ்கிணற்றில் மட்டும் அம்மாவை இறக்காதீர்கள். கோவேறு கழுதைகள் தண்ணீர் சுமக்கக் கட்டிய அகலமான, தாழ்வான படிகள் என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் இறங்க 248, ஏற 248, லிஃப்ட் கிடையாது. இறங்கும் சுழலும் ஏறும் சுழலும் தனித்தனி, பாதியில் மனம் மாறினாலும் சிக்கல்தான்.

அந்த நேரத்தைத் தேவாலயத்துக்குக் கொடுங்கள். கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறி அடுக்கிய சுவர்களும், உள்ளே சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞொரெல்லியின் சுவரோவியங்களுமே ஒரு மணி நேரம் பிடித்து வைக்கும். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், மற்ற நாளில் போவதே நல்லது.