சொல்லாமல் சோதிக்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி, வெளியாள் உள்ளே புகுந்துவிட்டான் என்று பதறி, நாங்கள் மூன்று பேர் விடிய விடிய உட்கார்ந்து இணைப்புகளைத் துண்டித்தோம். நிர்வாகமே ஆள் வைத்து, உள்ளே புகச் சொல்லிச் சோதித்தது என்று காலையில்தான் மேலாளர் சொன்னார். எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?

பதில்: அந்த ராத்திரி பட்ட பாட்டுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மூன்று பேரும் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்திருப்பீர்கள். சாதாரண நாளில் நிலைமை எப்படி என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. காவலில் இருப்பவர்களிடம் சொல்லாமல் சோதிப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். நீங்களோ கண்டுபிடித்தே விட்டீர்கள்!

எனக்கு உறுத்துவது வேறு. அன்று ராத்திரி விஷயம் தெரிந்தவர் ஒருவராவது போனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாரா? அனுமதி கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா?

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டல்லஸ் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் கட்டடத்துக்குள் நள்ளிரவில் இரண்டு பேர் நுழைந்தார்கள். அலாரம் அடித்து போலீஸ் வந்தது. இருவரும் அனுமதிக் கடிதத்தை நீட்டினார்கள். அதிலிருந்த எண்களுக்குப் பேசிப் பார்த்த போலீஸார் சமாதானமானார்கள். அப்புறம் கவுன்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் வந்து சேர்ந்தார். சோதனைக்கு ஏற்பாடு செய்தது மாநில நீதித்துறை, கட்டடமோ கவுன்டியுடையது. இதற்கு அனுமதி தர மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி இருவரையும் கைது செய்துவிட்டார். கொடுத்த வேலையைச் செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள். வழக்கு கைவிடப்பட 2020 ஜனவரி ஆயிற்று.

உங்கள் சர்வர்களில் சில வாடகை டேட்டா சென்டரில் இருக்கலாம். அந்த சென்டரின் விதிகளை நிர்வாகம் பார்த்ததா, சோதனையின் எல்லை எது, நிறுத்தச் சொல்ல வேண்டியவர் யார் என்றெல்லாம் மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள். சோதனை அறிக்கையைக் காட்டி யாருடைய சம்பள உயர்விலும் கை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். வைத்தால், அடுத்த முறை தவறான லிங்க்கை அழுத்தியவர் வாயே திறக்க மாட்டார்.

இன்னொன்று. இனி எச்சரிக்கை வரும்போது ‘இதுவும் சோதனைதானே’ என்று மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். நிஜம் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சோதனை செய்தவர்களோடு ஒரு நாள் உட்காரக் கேளுங்கள். அவர்கள் எப்போது உள்ளே வந்தார்கள், உங்கள் லாகில் (சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவில்) அது முதலில் எப்போது தெரிந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்று பேசத் தொடங்குங்கள்.