பாரதக் கூத்தைப் பதிவு செய்ய நிதி: யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் எங்கள் கிராமம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும்போது, அதாவது மகாபாரதக் கதை விழா நடத்தும்போது, பகலில் பிரசங்கம், இரவில் கூத்து நடக்கும். பிரசங்கியாருக்கும் கூத்து வாத்தியாருக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் பாட்டுகளையும், பெரியவர்கள் சொல்லும் ஊர்க் கதைகளையும், ஏரிக்கரையில் நிற்கும் நடுகல்லின் விவரத்தையும் பதிவு செய்து ஊர் நூலகத்தில் வைக்க ஆசைப்படுகிறோம். இளைஞர்கள் பத்துப் பேர் தயாராக இருக்கிறார்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். யார் தருவார்கள்? அதற்கு முதலில் டிரஸ்ட் தொடங்க வேண்டுமா?

பதில்: தொடங்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒன்றிய பண்பாட்டு அமைச்சகத்தில் விழா, கருத்தரங்கு, ஆய்வு, நாடகத் தயாரிப்பு ஆகியவற்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் இருக்கிறது. அதற்கு அமைப்பு பதிவாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெறும் அடையாள எண்ணும் தேவை. பணம் தவணையாகத்தான் வரும். கடைசித் தவணை, ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுத்த பிறகுதான். அதாவது கொஞ்சப் பணத்தை நீங்களே முதலில் போட்டுச் செலவழிக்க வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்கிய ஊர்ச் சங்கத்துக்கு இது பெரிய பாரம்.

வெளிநாட்டு நிதி இன்னும் தூரம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு பெற, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கு வேண்டும். ஏற்கெனவே பதிவு பெற்ற வேறொரு அமைப்பின் கணக்கில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தரலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2020-இல் வந்த திருத்தம் அதைத் தடை செய்கிறது.

ஆகவே இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துங்கள். மூன்றாண்டுக் கணக்கு இன்றே ஓடத் தொடங்கட்டும் என்பதற்காக ஒரு சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். நீங்கள் அரசு ஊழியர் என்பதால் துறையின் அனுமதியில்லாமல் பொறுப்பில் இருக்க வேண்டாம். இளைஞர்களில் ஒருவர் செயலாளராகட்டும். வரும் பாரதத்துக்கான பணத்தை மட்டும் தனிமனிதருக்குக் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள்.

அப்படிப்பட்ட இடங்களில் நான் முதலில் சொல்வது பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். 1993-இல் தொடங்கிய தனியார் அறக்கட்டளை. கலை ஆய்வுக்குத் தனிமனிதருக்கே நிதி தருகிறார்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், இது உங்களுக்குப் பெரிய வசதி. ஆனால் கருவி வாங்கப் பணம் தரமாட்டார்கள். உங்கள் பட்டியலில் கேமராவும் கம்ப்யூட்டரும் முதலில் நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது அதனால்தான்.

இரண்டாவது, பண்பாட்டு அமைச்சகத்தின் ஆய்வு நல்கை (ஃபெலோஷிப்). இரண்டு ஆண்டுகளுக்கு, 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய், 40 கடந்தவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய். உங்கள் குழுவில் தமிழோ வரலாறோ படித்த ஒருவர் இருந்தால் அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போட்டி கடுமையானது, இதை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். உங்கள் உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும். ‘அழிந்துவரும் கிராமியக் கலையைக் காப்பது எங்கள் நோக்கம்’ என்று தயவுசெய்து தொடங்காதீர்கள். தேர்வுக் குழுவின் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் தொடங்குகின்றன. அந்த வரியை எந்த ஊரிலிருந்தும், எந்தக் கலைக்கும் எழுதிவிடலாம். உங்கள் ஊரிலிருந்து மட்டும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும்.

அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பகலில் பிரசங்கியார், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார். அன்றிரவே அதே கதையை ஜமா, அதாவது கூத்துக் குழு, கூத்தாக ஆடுகிறது. பகலில் சொன்ன துகிலுரிதலுக்கும் இரவில் ஆடிய துகிலுரிதலுக்கும் நடுவே எது மாறுகிறது? கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உங்கள் ஊர்ச் செய்தியை எந்த இடத்தில் நுழைக்கிறான்? ஒரே வாத்தியார் பக்கத்து ஊரில் ஆடும்போது எந்தப் பாட்டை விடுகிறார், எதைச் சேர்க்கிறார்? வட ஆற்காட்டில் ஊருக்கு ஊர் பாரதம் வைக்கிறார்கள், ஆனால் இரண்டு ஊர்ப் பாரதம் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு யார் யாரிடம் எத்தனை நாள் பேசுவீர்கள், கிடைத்ததை ஊருக்கு எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று எழுதினால் அது ஆய்வு. நடுகல்லையும் ஊர்க் கதைகளையும் இதே விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். சோற்றோடு குழம்பு, மோர், பாயசம் எல்லாவற்றையும் ஒரே கரண்டியில் பரிமாறுவதுபோல் ஆகிவிடும்.

பட்ஜெட்டையும் திருப்பிப் போடுங்கள். கேமராவை வாடகைக்கு எடுக்கலாம். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மட்டும் ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி வாங்கிவிடுங்கள். கூத்துக்கு ஒலிதான் உயிர், மத்தளமும் முகவீணையும் பாட்டை அமுக்காதபடி பதிய வேண்டும். வாத்தியாருக்கும் பிரசங்கியாருக்கும் நேர்காணல் நாள் ஒவ்வொன்றுக்கும் சன்மானம் எழுதுங்கள். கூத்துக்குத் தருவது வேறு, இது வேறு. தன் அறிவைச் சொல்லிக்கொடுப்பவருக்கு டீயும் சால்வையும் போதும் என்று நினைப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். அடுத்து, பதிந்த பாட்டை எழுத்தில் எடுக்கும் கூலி. ஒரு மணி நேரப் பாட்டை வார்த்தை பிசகாமல் எழுத ஒரு முழு நாள் போகும். இதற்குப் பணம் ஒதுக்காத திட்டங்கள்தான் ஹார்டு டிஸ்க்கோடு நின்றுபோகின்றன. அந்த டிஸ்க்கும் மூன்று பிரதி வேண்டும், மூன்றும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்.

வாத்தியார் வீட்டில் பழைய கூத்து நோட்டோ ஏட்டுச்சுவடியோ இருந்தால் அதற்குத் தனி வழி. தமிழ் இணையக் கல்விக்கழகம் சுவடிகளையும் அரிய நூல்களையும் மின்னுருவாக்கித் தன் மின்னூலகத்தில் வைக்கிறது, அங்கே எழுதிக் கேளுங்கள். பிரிட்டிஷ் நூலகம் 2004-இலிருந்து நடத்தும் அழியும் நிலை ஆவணங்கள் திட்டமும் உண்டு. அது நிறுவனங்களுக்குத்தான் கொடுக்கும், மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அதன் விதி. அதிகம் சேர்ந்திருந்தால் ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற ஓர் இடத்தின் தமிழ்த் துறையோடு பேசிப்பாருங்கள்.

கம்பெனிகளை விட்டுவிட வேண்டாம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் பொது நூலகங்களும் வெளிப்படையாக உள்ளன. தொழில் நடக்கும் பகுதிக்கே முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டும் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளும் உங்களுக்குத் தூரமில்லை. ஆனால் இதற்கும் சங்கத்துக்கு மூன்றாண்டு அனுபவமும், வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவும் (12ஏ, 80ஜி என்று சொல்வார்கள்), கம்பெனிகளின் சமூகப் பணி நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 எண்ணும் வேண்டும். நூலகத்தில் வைக்கும் நிரந்தரக் கண்காட்சியை அதற்காக ஒதுக்கி வையுங்கள்.

பணம் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, அடுத்த கிராம சபையில், ஆகஸ்ட் 15-ஓ அக்டோபர் 2-ஓ, எது முதலில் வருகிறதோ அதில், இந்தப் பணிக்கு ஒரு தீர்மானம் போடச் செய்து நகல் வாங்குங்கள். ஊரே பின்னால் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. மற்றொன்று, பதிவில் பேசுபவர், பாடுபவர் ஒவ்வொருவரிடமும் அது எங்கே வைக்கப்படும், இணையத்தில் போகுமா, பணம் வந்தால் யாருக்கு என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பனையறையில் நடப்பதையோ, பாரதப் போரின் முடிவை நடத்திக்காட்டும் படுகளத்துச் சடங்கையோ படம் எடுக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எடுக்கக்கூடாது. நடுகல்லில் எண்ணெய் பூசி, சுண்ணாம்பு தடவி எழுத்தைத் தெளிவாக்க முயலவும் வேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் காலையில் எடுத்த போட்டோவே போதும்.

தேதியும் முக்கியம். நம் பக்கம் பாரதம் பெரும்பாலும் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடிந்துவிடும். விண்ணப்பம் போட்டு, கேள்வி பதில் முடிந்து, பணம் கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். ஐப்பசிக்குள் அனுப்பினால்தான் வரும் பங்குனியைப் பிடிக்க முடியும். இந்த ஆண்டே ஒரு இரவுக் கூத்தையாவது செல்போனில் பதிந்து, அதில் ஒரு பாட்டை எழுத்தில் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.