மூட்டைக்காரரின் நோட்டு

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கின் ப்ளூமிங்டேல்ஸ் கடை பற்றிப் படித்தேன். பவேரியாவிலிருந்து குடியேறிய ஒருவரின் மகன்கள் ஜோசப்பும் லைமனும் 1872-ல் அதை 'ஈஸ்ட் சைட் பஜார்' என்று தொடங்கினார்களாம். பிழைக்க வந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள துணிச்சல் நம் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை? ஊர் வளம் நம்மைச் சோம்பேறியாக்கிவிட்டதா? இதுபற்றி நல்ல புத்தகம் உண்டா?

ஒரு வாசகர், திருவிடைமருதூர்

அன்புள்ள தம்பி,

புத்தகத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் பற்றி ஜூன் வெயிலில் நாற்றுப் பறிக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள், நன்றாகச் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு ஆளைக் காணோம். அப்பா. பெஞ்சமின் என்ற பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. வட கரோலினா, கன்சாஸ் என்று வாழ்ந்துவிட்டு நியூயார்க்கில் வந்து நின்ற விற்பனைக்காரர். மகன்கள் 1861-லேயே வளையம் வைத்த பாவாடை விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பதினொரு வருஷத்தையும் ஒரே தாவாகத் தாவிவிட்டுத் துணிச்சல் என்கிறீர்கள்!

எங்கள் திண்ணைக்கு ஒரு ஜவுளி மூட்டைக்காரர் வருவார். ராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர். சைக்கிள் கேரியரில் மூட்டை. முதலில் ஒரு சொம்பு நீர்மோர், அப்புறம்தான் முடிச்சை அவிழ்ப்பார். சட்டைப்பையில் சின்ன நோட்டு. அதில் ஆள் பெயர் இருக்காது. 'மேலத்தெரு வேப்பமரத்து வீடு' என்றிருக்கும். தொகைக்கு எதிரே தேதியும் இருக்காது. 'குறுவை' என்று எழுதியிருப்பார்.

மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நெல் தீபாவளிக்கு முன்னால் களத்துக்கு வரும், கையில் காசிருக்கும். திறக்காத வருஷம் குறுவை பொய்க்கும்; தீபாவளி மட்டும் தவறாமல் வந்துவிடும். அப்படி ஒரு வருஷம் அம்மா கதவோரம் நின்று, "இந்தத் தடவ வேணாம்ண்ணே" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. தங்கைக்கு அரக்குப் பாவாடைத் துணியை முழம்போட்டு, ஓரத்தில் கத்தரி வைத்து, சர்ரென்று கிழித்தார். நோட்டை எடுத்துக் 'குறுவை'யை அடித்துவிட்டு 'சம்பா' என்று எழுதிக்கொண்டார்.

அறுவடை வரை காத்திருக்க எந்த வங்கி அவருக்குப் பணம் கொடுத்தது? அந்தக் காத்திருப்புதான் தம்பி, முதல். தை மாசம் பணத்தோடு வாசலில் நின்ற எங்கள் அம்மாக்களுக்கும் அதில் பங்குண்டு. நீங்கள் என்னடாவென்றால் எல்லாவற்றையும் மகன்கள் கணக்கில் வரவு வைக்கிறீர்கள்.

அவருடைய மகன்கள் இப்போது கும்பகோணத்தில் மூன்று மாடிக் கடை வைத்திருக்கிறார்கள். ஏசி, லிஃப்ட், எல்லாம் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள், குறை சொல்லவில்லை. போன ஆடித் தள்ளுபடிக்குப் போயிருந்தேன். கல்லாவுக்கு மேலே அவர் படம், சந்தன மாலை. படத்துக்குக் கீழே 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று ஒரு அட்டை.

மூத்த மகனிடம், "அப்பாவோட நோட்டெல்லாம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த நோட்டு சார்?" என்றார்.

இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, ரொக்கம் கொடுத்துவிட்டு வந்தேன்.