ரோசெட் நெபுலா என் கேமராவில் ஏன் சிவப்பாக விழுவதில்லை?

ஓரியன் நெபுலா அழகாக வருகிறது, அதே டெலஸ்கோப்பில் ரோசெட் மட்டும் மங்கிய கறையாக நிற்கிறது என்கிறீர்கள். குறை பெரும்பாலும் டெலஸ்கோப்பில் இல்லை, கேமராவுக்குள் இருக்கிறது.

ரோசெட் ஓர் உமிழ்வு நெபுலா, அதாவது நடுவே உள்ள சூடான இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிரால் அயனியாகி (எலெக்ட்ரானை இழந்து) ஒளிரும் ஹைட்ரஜன் மேகம். பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி அணுவில் சேர்ந்து, மூன்றாம் ஆற்றல் மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் அடர்சிவப்பு ஒளி வரும். இதைத்தான் ஹைட்ரஜன் ஆல்ஃபா என்கிறோம். சாதாரண டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், பகல் படங்களில் நிறம் இயல்பாக அமைய வேண்டும் என்பதற்காக, இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஓரியன் தப்பிக்கக் காரணம் அதன் அபாரப் பிரகாசம், 500.7 நானோமீட்டரில் ஆக்சிஜனின் பச்சை ஒளியும் அங்கே பலமாக உண்டு.

அதனால் முதல் செலவு, அந்த ஃபில்டரை மாற்றிய கேமராவுக்கோ வானியல் கேமராவுக்கோ போகட்டும். நகர வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கு, இந்த இரண்டு அலைநீளங்களை மட்டும் விடும் டூயல் நேரோபேண்ட் ஃபில்டர் பெரிய வரம். ஆனால் கேமராவை மாற்றாமல் அதை மட்டும் வாங்கினால் பலன் பாதிதான்.

அப்புறம், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அமைப்பை) ஏற்றுவதால் கூடுதல் ஒளி சேராது. 3 நிமிடப் படங்கள் 40 எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். 2 மணி நேர ஒளி கிடைக்கும். வானில் பார்க்க ரோசெட் நிலாவைப்போல இரு மடங்குக்கு மேல் அகலம், ஆகவே 400 மி.மீ. குவியத் தூரமே தாராளம்.