ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குள் தனியாக ஒரு ‘கல்லூரி’ இருப்பது ஏன்?

அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மொழி, வரலாறு, தத்துவம், கணிதம், அறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பகுதிதான் அந்தக் கல்லூரி. இதை லிபரல் ஆர்ட்ஸ் கல்வி என்பார்கள். ஒரு தொழிலுக்கு மட்டும் பழக்காமல், சிந்திக்கவும் பேசவும் எழுதவும் பழக்கும் படிப்பு இது.

முதலில் பிறந்தது கல்லூரிதான். ஜான் கரோல் என்ற பாதிரியார் 1789-ல் இதை நிறுவினார். 1791-ல் முதல் மாணவர் சேர்ந்தார். கத்தோலிக்கர்கள் ஒதுக்கப்பட்டிருந்த நாட்டில், எல்லா மதத்தினருக்கும் கதவைத் திறந்துவைத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆனால் அதே வரலாற்றில் ஆறாத வடுவும் உண்டு: 1838-ல், இந்தக் கல்லூரியை நடத்திவந்த கத்தோலிக்கத் துறவியரான மேரிலாந்து இயேசு சபையினர், அடிமைப்படுத்தியிருந்த 272 பேரை விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்படுத்தினர். இதைச் சொல்லாமல் அந்தக் கல்லூரியின் கதையைச் சொல்லக் கூடாது.

மருத்துவம் 1851-லும் சட்டம் 1870-லும் வந்தன. கூடத்தை முதலில் கட்டி, குடும்பம் பெருகியதும் அறைகளைச் சேர்த்த வீடு போல.

‘ஆர்ட்ஸ்’ என்றதும் ஓவியம், இசை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இயற்பியலும் உயிரியலும் அங்கேதான் கற்பிக்கப்படுகின்றன.