பர்ஸில் வைத்த ஆணுறையை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். ஓராண்டாக ஒரு பெண்ணுடன் பழகுகிறேன். இருவருக்கும் முன்பு வேறு உறவுகள் இருந்தன. ஆணுறையைப் பர்ஸிலேயே வைத்திருப்பேன். எரிச்சல் வராமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவோம். சில மாதங்களுக்கு முன் ஒருமுறை கிழிந்துவிட்டது. இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. பயப்பட வேண்டுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கிழிந்ததற்கு அந்தத் தேங்காய் எண்ணெயே காரணமாக இருக்கலாம். எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலமிழக்கும். வாசலினும் பேபி ஆயிலும் அப்படித்தான். மருந்துக் கடையில் 'வாட்டர் பேஸ்டு' (எண்ணெய் சேராத, தண்ணீரால் ஆன) ஜெல் என்று கேளுங்கள்.

அடுத்தது பர்ஸ். பின்பாக்கெட்டில் உடம்புச் சூடும் உரசலும் ரப்பரைக் கெடுக்கும். டேஷ்போர்டு இன்னும் மோசம். எண்ணூர் விரைவுச் சாலையில் மத்தியான வெயிலில் வரிசையில் நிற்கும் வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். தேதி பாருங்கள், பல்லால் பிரிக்காதீர்கள், மாட்டும்போது நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு கூடும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவது வேண்டாத வேலை.

'தொந்தரவு இல்லை' என்கிறீர்களே, அதைத்தான் நான் நம்பமாட்டேன். பால்வினை நோய்களில் கிளமிடியா பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அறிகுறியே காட்டாது. சிபிலிஸ் புண் வலிக்காது, தானாகவே ஆறியும்விடும். கிருமி மட்டும் உள்ளே இருக்கும். ஹெர்பிஸும், மரு உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸும் ஆணுறை மூடாத தோல் வழியாகவும் பரவும். வாய்வழி உறவிலும் கொனோரியா, சிபிலிஸ் தொற்றலாம்; அதற்கும் ஆணுறை போடுங்கள்.

ஆகவே இருவரும் பரிசோதனை செய்துகொள்வதுதான் சரி. உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை, அரசின் ஆலோசனை-பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கடைசியாகப் பாதுகாப்பில்லாத உறவு நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் எச்.ஐ.வி. முடிவை முழுதாக நம்பலாம். இனிமேல் கிழிந்தால் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். சந்தேகமென்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு இலவசமாக அழைக்கலாம். உடலுறவிலும் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போடாதவரென்றால் அதையும் கேட்டுவிடுங்கள்.

ஏதாவது தொற்று தெரிந்தால் மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். கொனோரியா பல மருந்துகளுக்கு இப்போது மசிவதில்லை. சிகிச்சையும் இருவருக்கும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் மாத்திரை போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள்.